புரியாத கட்டத்தில் கொஞ்சம் நில்லுங்கள்: விசித்திரமான அறிவியல் புனைவுக் காமிக்ஸ் வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

த்சுதோமு நிஹெயின் 'ப்ளேம்!' என்ற மங்காவை (ஜப்பானியக் காமிக்ஸை) முதன்முதலாகக் கையில் எடுத்தபோது 40 பக்கம்கூடத் தாண்டவில்லை. கருப்பு உடையில் ஒருவன் நடக்கிறான். படிக்கட்டு, குழாய், மறுபடி படிக்கட்டு. எதுவோ தாக்குகிறது, சுடுகிறான், மறுபடி நடக்கிறான். யார், எங்கே, எதற்கு என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. மூடி வைத்துவிட்டேன். ஆனால் ஒரு படம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை: அடியும் தெரியாத, உச்சியும் தெரியாத ஒரு சுவர், அதன் விளிம்பில் எறும்பளவு மனிதன். சில மாதம் கழித்து அந்தப் படத்தை மறுபடி பார்க்கத்தான் புத்தகத்தைத் திறந்தேன். அன்று இரவே பாதித் தொடரை முடித்துவிட்டேன். இடைப்பட்ட மாதங்களில் கதையைப் பற்றி நான் புதிதாக எதுவும் தெரிந்துகொள்ளவில்லை. வாசிக்கும் விதம் மட்டும் மாறியிருந்தது.

அந்த விதத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இந்த வகைக் காமிக்ஸை எடுத்துவிட்டுப் பாதியில் வைத்தவர்களுக்கும், இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் சேர்த்து.

எந்தக் காமிக்ஸைப் பற்றிப் பேசுகிறோம்?

விண்கலமும் வேற்றுக்கிரகவாசியும் வந்துவிட்டால் கதை விசித்திரமாகிவிடாது. பெரும்பாலான அறிவியல் புனைவுக் காமிக்ஸ் முதல் சில பக்கங்களிலேயே தன் உலகத்தை விளக்கிவிடும்: இந்த ஆண்டு, இந்தக் கோள், இவன் நல்லவன், அவன் கெட்டவன். நான் சொல்லும் வகை அதைச் செய்யாது. வாசகரை நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நகர்ந்துவிடும்.

இந்தப் போக்குக்கு ஒரு வலுவான தொடக்கப் புள்ளி 1975 ஜனவரியில் பிரான்சில் வெளிவந்த 'மெத்தால் உர்லான்' இதழ். மோபியஸ், பிலிப் த்ருயே என்ற இரண்டு ஓவியர்களும், ழான்-பியர் தியோனே, பெர்னார் ஃபர்காஸ் என்ற இருவரும் சேர்ந்து தொடங்கியது. இதில் மோபியஸின் கதை முக்கியம். அவரது இயற்பெயர் ழான் ஜிரோ. 1963 முதல் 'ப்ளூபெர்ரி' என்ற கௌபாய்த் தொடரை வரைந்துகொண்டிருந்தவர். குதிரை, பாலைவனம், துப்பாக்கிச் சண்டை என எல்லாம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஒரு கதையைக் குழப்பமில்லாமல் சொல்லத் தெரிந்த அதே கைதான் மோபியஸ் என்ற இன்னொரு பெயரில் வார்த்தையே இல்லாத, விளக்கமே இல்லாத பக்கங்களை வரைந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல விசித்திரக் காமிக்ஸில் குழப்பம் கைதவறி வந்தது அல்ல, யோசித்து வைத்தது.

அதற்கு முன்பும் இப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது, அதை எல்லோரும் வரவேற்றுவிடவில்லை. 1957 முதல் 1959 வரை அர்ஜென்டினாவில் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற தொடர் 'எல் எதெர்னௌதா'. அதன் எழுத்தாளர் எக்தர் ஹெர்மான் ஓஸ்டர்ஹெல்ட், ஓவியர் பிரான்சிஸ்கோ சொலானோ லோப்பெஸ். அதே கதையை 1969இல் ஆல்பெர்த்தோ ப்ரெச்சியா என்ற ஓவியரோடு ஓஸ்டர்ஹெல்ட் மறுபடி எழுதினார். ப்ரெச்சியா மைக்கறைகளையும் ஒட்டுப்படத் துண்டுகளையும் கலந்து வேற்றுலக உயிர்களைப் படைத்தார். அவற்றுக்கு உருவம் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. 'ஹென்தே' என்ற வார இதழில் வந்தது. வாசகர்கள் சலித்துக்கொண்டார்கள். இதழ் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டு, தொடரைச் சுருக்கி அவசரமாக முடிக்க வைத்தது. இன்று அந்தப் பக்கங்களைப் பார்த்தால், மனித அறிவுக்கு எட்டாத ஒன்று படையெடுத்து வருகிறது என்ற பயத்தை முதல் வடிவத்தைவிட அவை ஆழமாகக் கடத்துகின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. தெளிவாக வரையப்பட்ட அரக்கனுக்குக் கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். ப்ரெச்சியாவின் மைக்கறைக்குப் பழகுவதே இல்லை.

படி 1: முதல் புத்தகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'மிகக் கடினமானது' என்று பேர் வாங்கிய ஒன்றை முதலில் எடுத்து, அதோடு அந்த வகையையே விட்டுவிடுகிறார்கள்.

கதை வேகமாக ஓட வேண்டும் என்பவர் 'இன்கால்' தொடரில் தொடங்கலாம். எழுத்து அலெஹாந்த்ரோ ஹொடொரோவ்ஸ்கி, ஓவியம் மோபியஸ். 1980இன் இறுதியில் தொடங்கி 1988இல் முடிந்தது, 6 தொகுதிகள். நாயகன் ஒரு பாழுங்கிணறு போன்ற நகரத்துக்குள் தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கும்போது கதை தொடங்குகிறது. கீழே அமில ஏரி. அவன் ஏன் விழுகிறான் என்பது அப்புறம்தான் தெரியும். உலகம் வினோதமாக இருந்தாலும் துரத்தல், தப்பித்தல் என்று கதை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஹொடொரோவ்ஸ்கியும் மோபியஸும் 1970களின் நடுவில் 'டியூன்' நாவலைப் படமாக்க முயன்றவர்கள். மோபியஸ் காட்சி காட்சியாக வரைந்து குவித்தும் அந்தப் படம் எடுக்கப்படவில்லை. அங்கே தங்கிப்போன கற்பனையில் கொஞ்சம் இங்கே வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு விசித்திரம் போதும், மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கட்டும் என்பவருக்கு பெல்ஜியத்தின் பிரான்சுவா ஸ்குய்ட்டனும் பெனுவா பீட்டர்ஸும் படைத்த 'உர்பிகாந்தின் காய்ச்சல்'. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். கதையே வேண்டாம், படத்தில் மூழ்கினால் போதும் என்பவருக்கு மோபியஸின் 'அர்சாக்'.

மோபியஸின் 'காற்றுப்புகாத காராஜ்' மட்டும் முதல் புத்தகமாக வேண்டாம். 1976 முதல் 1979 வரை மாதம் சில பக்கங்களாக, முன்திட்டமே இல்லாமல் வரையப்பட்டது. ஒரு அத்தியாயம் கட்டியதை அடுத்தது கலைத்துப் போடும். பழகிய பிறகு அதில் கிடைக்கும் சந்தோஷமே தனி. பழகாதவருக்கு அது வெறும் எரிச்சல்.

படி 2: புத்தகத்தின் உடலைக் கவனியுங்கள்

சின்ன விஷயங்கள்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மங்கா என்றால் வலமிருந்து இடம். கட்டங்களின் வரிசையும் அப்படித்தான், ஒரு கட்டத்துக்குள் பேச்சு பலூன்களின் வரிசையும் அப்படித்தான். ஏற்கெனவே புரியாத கதையை வரிசை மாற்றிப் படித்தால் தப்பு எங்கே என்றே தெரியாமல் போகும்.

ஐரோப்பிய ஆல்பங்கள், அதாவது அங்கே வரும் காமிக்ஸ் புத்தகங்கள், பெரிய தாளுக்காக வரையப்பட்டவை. கைபேசியில் ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக் காட்டும் வசதியை இந்த வகைக்கு அணைத்து வையுங்கள். பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிவதுதான் பாதி அர்த்தம்.

பதிப்பையும் பாருங்கள். 'இன்கால்' இடையில் ஒரு முறை கணினியில் புதிதாக நிறம் பூசப்பட்டு வந்தது. எண்பதுகளின் தட்டையான, துணிச்சலான நிறங்கள் போய், எல்லாம் நிழலும் பளபளப்புமாக மாறின. பின்னால் வந்த பதிப்புகளில் பழைய நிறங்கள் திரும்பின. கிடைத்தால் அவற்றையே வாங்குங்கள்.

படி 3: முதல் சுற்று, படம் மட்டும்

ஒரு அத்தியாயத்தை எடுத்து, எழுத்தைத் தொடாமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். பத்து நிமிடம் போதும். பழக்கத்தில் கண் பலூனுக்குத்தான் ஓடும், இழுத்துப் பிடியுங்கள்.

இந்தப் பயிற்சிக்கு 'அர்சாக்' போல இன்னொன்று இல்லை. அதில் வசனமே கிடையாது. 1975-76இல் வந்த நான்கு சிறு கதைகள். உயரமான தொப்பி அணிந்த ஒருவன், இறகில்லாத, வெண்ணிறமான, பழங்காலப் பறக்கும் பல்லி போன்ற ஒரு பறவை மேல் உட்கார்ந்து பாழ்நிலத்தின் மேல் பறக்கிறான். அவ்வளவுதான். அவன் பெயரைக்கூட நம்ப முடியாது, ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் எழுத்துக்கூட்டு மாறுகிறது: அர்சாக், ஹர்சாக் என்று.

ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு மூன்று விஷயம் தேடுங்கள். அவன் எதைப் பார்க்கிறான்? தரை எதனால் ஆனது, கல்லா, எலும்பா, உலர்ந்த தோலா? அந்தப் பறவைக்கு வயதாகிவிட்டதா? மூன்றாவது கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதில்லை. தோலின் சுருக்கத்தை மோபியஸ் ஒவ்வொரு கோடாக இழைத்திருக்கிறார். அதன் கழுத்தைப் பார்த்தால் அவனும் அதுவும் வெகுகாலமாக ஒன்றாகப் பறப்பவர்கள் என்று தோன்றும். யாரும் சொல்லவில்லை, நீங்களாகவே கண்டுபிடித்தீர்கள். அப்படிக் கண்டுபிடித்தது, யாரோ சொல்லித் தெரிந்துகொண்டதைவிட அதிக நாள் மனதில் நிற்கிறது. இந்த வகைக் காமிக்ஸின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கழுத்தைத்தான் காட்டுவேன்.

படி 4: இரண்டு கட்டங்களுக்கு நடுவில் என்ன நடந்தது?

ஸ்காட் மெக்லவுட் 1993இல் காமிக்ஸ் எப்படி இயங்குகிறது என்பதைக் காமிக்ஸாகவே வரைந்து ஒரு புத்தகம் போட்டார். கட்டங்களுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தில்தான் வாசகரின் மனம் வேலை செய்கிறது என்பது அதன் முக்கியமான வாதம். ஒருவன் கோடரியை ஓங்குகிறான், அடுத்த கட்டத்தில் அலறல். வெட்டியது வாசகர்தான்.

சாதாரணக் காமிக்ஸில் இந்த இடைவெளி சின்னது, கவனிக்காமலே தாண்டிவிடலாம். விசித்திரக் காமிக்ஸ் அதை அகலமாக்குகிறது. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நொடி போயிருக்கலாம், ஆயிரம் ஆண்டும் போயிருக்கலாம்.

பழகுவதற்கு ரிச்சர்ட் மெக்வயர் 1989இல் வரைந்த 'இங்கே' என்ற 6 பக்கக் கதையைத் தேடிப் படியுங்கள். பின்னர் 2014இல் அதை அவரே முழுப் புத்தகமாக விரித்தார். எல்லாக் கட்டத்திலும் ஒரே இடம், ஒரு வீட்டு அறையின் மூலை. கட்டத்தின் ஓரத்தில் ஓர் ஆண்டு எழுதியிருக்கும். அந்தக் கட்டத்துக்குள்ளேயே இன்னொரு சிறு கட்டம், அதில் வேறோர் ஆண்டு. வீடு கட்டப்படுவதற்கு முந்தைய நிலமும், வீடு போன பிறகு வரப்போகும் காலமும் ஒரே மூலையில் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். கால இயந்திரம் என்று எதுவும் வராது. கட்டம் போடும் முறையே கால இயந்திரமாகிவிடுகிறது.

இதைப் படிக்கும்போது ஆண்டு வரிசைப்படி அடுக்கப் பார்க்காதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் ஏன் இந்த இரண்டு ஆண்டுகளை வைத்தார் என்று மட்டும் கேளுங்கள். ஓர் ஆண்டில் ஒருவர் சொன்ன வார்த்தைக்கு இன்னோர் ஆண்டில் வேறொருவரின் அசைவு பதில் சொல்வதுபோல அமைந்திருக்கும். இரண்டாவது வாசிப்பில்தான் இது பிடிபடும்.

படி 5: மனிதனைத் தேடுங்கள்

இது 'ப்ளேம்!' எனக்குச் சொல்லிக்கொடுத்தது. 1997 முதல் 2003 வரை வந்த தொடர், 10 தொகுதிகள். நிஹெய் மங்காவுக்கு வருமுன் கட்டுமானத் துறையில் வேலை பார்த்தவர், அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். கதை நடக்கும் நகரம் தானாகவே கட்டிக்கொண்டு போகிறது. கட்டும் இயந்திரங்களை நிறுத்த ஆளில்லை. ஓரிடத்தில் வியாழன் கோளின் அளவுக்கு ஒரு வெற்று அறை வருகிறது.

இவ்வளவு பெரியதை ஒரு சிறிய தாளில் எப்படிக் காட்டுவது? மனிதனைச் சின்னதாக்கித்தான். அதனால் ஒவ்வொரு பெரிய படத்திலும் முதலில் கிள்ளியைத் தேடுங்கள். நாயகன் பெயர் அதுதான். ஒரு பாலத்தின் முனையில் மூன்று மைக்கோடாக இருப்பான். அவனைக் கண்டுபிடித்த அந்தக் கணத்தில் பாலம் சட்டென்று வளரும். அதுவரை வெறும் கோடுகளாக இருந்த பின்னணி, நடந்து கடக்க நாள்கணக்காகும் தூரமாகிவிடும். வயிற்றில் ஒரு சின்ன இறக்கம் தெரியும், உயரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல.

அதற்கப்புறம் பக்கத்தைத் திருப்புங்கள். அவன் மறுமுனையில் இருப்பான். எத்தனை நாள் நடந்தான் என்று சொல்லப்படாது, படி 4இல் பேசிய இடைவெளிதான் இது. நான் முதல் முறை 'எதுவும் நடக்கவில்லை' என்று சலித்துக்கொண்டு புரட்டிய பக்கங்கள் இவை. வசனம் இல்லாத பக்கத்தை வேகமாகப் புரட்டுவது பழக்கதோஷம். இங்கே தலைகீழாகச் செய்ய வேண்டும்: வசனம் குறையக் குறைய வேகத்தையும் குறையுங்கள். சினிமாவில் இந்தக் காட்சி எத்தனை நொடி ஓட வேண்டும் என்பதை இயக்குநர் தீர்மானிக்கிறார். காமிக்ஸில் அந்த உரிமை முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

படி 6: தெரியாத சொல்லைத் துரத்தாதீர்கள்

இன்னொரு உலகத்தின் சொற்கள் வந்து விழும். 'ப்ளேம்!'இல் 'வலை முனைய மரபணு' என்று திரும்பத் திரும்ப வரும். கிள்ளி அதைத்தான் தேடுகிறான். அது என்ன என்று முதல் தொகுதியில் தெரியவில்லை என்றால் ஒன்றும் ஆகாது. அது இருப்பவன் நகரத்துக்குக் கட்டளையிடலாம், இல்லாதவனை நகரமே வேட்டையாடும் என்பது போகப்போகச் சம்பவங்களாகத் தெரியவரும்.

விளக்கத்தை இணையத்தில் தேடிப் படித்துவிட்டு வந்தால் கதையின் பயணம் முழுவதும் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். சொல் மூன்றாவது முறை வந்தால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், போதும். சில படைப்பாளிகள், உதாரணமாக 'கோஸ்ட் இன் தி ஷெல்' வரைந்த மசமுனே ஷிரோ, பக்க ஓரத்தில் அடிக்குறிப்புகளாக எழுதித் தள்ளுவார்கள். அவற்றை இரண்டாவது சுற்றுக்கு வையுங்கள்.

படி 7: அந்த உலகத்தின் ஒரே ஒரு விதியைப் பிடியுங்கள்

எவ்வளவு விசித்திரமான கதைக்கும் அடியில் பெரும்பாலும் ஒரு விதி இருக்கும். அது கைக்கு வந்தால் மற்றவை தானாக அவிழும்.

'உர்பிகாந்தின் காய்ச்சல்' இதற்கு அழகான உதாரணம். 1985இல் பிரான்சின் ஆங்குலெம் காமிக்ஸ் விழாவில் சிறந்த ஆல்பத்துக்கான பரிசு பெற்றது. ஸ்குய்ட்டன் கட்டடக்கலைஞர்களின் குடும்பத்தில் பிறந்தவர், அதனால் நகரங்களை உள்ளே வாழ்ந்து பார்த்தவர்போல வரைவார். உர்பிகாந்த் ஒரு நதியால் பிரிந்த நகரம். தெற்குக் கரை ஒழுங்கும் பிரம்மாண்டமும், வடக்குக் கரை கைவிடப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் போக்குவரத்து கண்காணிக்கப்படுகிறது. நகரத்தைத் திட்டமிட்டவர் மேசைக்கு ஒரு சின்னக் கனசதுரச் சட்டகம் வருகிறது. உள்ளே ஒன்றுமில்லாத, விளிம்புகள் மட்டுமே உள்ள சட்டகம். அது வளரத் தொடங்குகிறது. விளிம்புகள் நீண்டு புதிய கனசதுரங்கள் முளைக்கின்றன. மேசையை, சுவரை எதையும் உடைக்காமல் ஊடுருவிக்கொண்டு போகின்றன.

விதி இவ்வளவுதான்: அது வளரும், யாரையும் கேட்காது. ஏன் வளர்கிறது, யார் செய்தது என்ற கேள்விகளைக் கதை தொடவே தொடாது. ஆனால் அது நதியைத் தாண்டி மறுகரையைத் தொட்ட பிறகு என்ன ஆகும் என்று யோசியுங்கள். கண்காணித்த பாலங்களுக்கு என்ன வேலை? மக்கள் அதன் மேல் ஏறி நடக்க ஆரம்பித்தால் அதிகாரிகள் என்ன செய்வார்கள்? 'இது என்ன' என்ற கேள்வியை விட்டுவிட்டு 'இது வந்ததால் யாருக்கு என்ன ஆனது' என்று கேட்க ஆரம்பித்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கதை திறந்தது. வேறு பல கதைகளுக்கும் அதே சாவி பொருந்தியிருக்கிறது.

படி 8: எப்போது விட்டுவிடலாம்?

கடினமான எல்லாமே ஆழமானது என்று நான் சொல்ல வரவில்லை. சில புத்தகங்கள் வெறுமனே அக்கறையில்லாமல் செய்யப்பட்டவை. வித்தியாசம் கண்டுபிடிக்க என் வழி இது: புரியாத ஒரு பக்கத்துக்குத் திரும்பி வந்து, ஒரு மூலையில் இருக்கும் சின்னப் பொருளைப் பாருங்கள். ஒரு கைப்பிடி, ஒரு காலணி, ஒரு குழாயின் இணைப்பு. அது பயன்பட்டுத் தேய்ந்த பொருள்போல, அந்த உலகத்துக்குச் சொந்தமானதாக வரையப்பட்டிருந்தால் வரைந்தவருக்கு அந்த உலகம் தெரியும். நம்பி மேலே போகலாம். பின்னணியெல்லாம் இடத்தை நிரப்ப அடித்த கோடுகளாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம்.

நல்ல புத்தகம் என்று தெரிந்தும் ஒட்டவில்லையா? சரி, சில மாதம் தள்ளி வையுங்கள். மூடும்போது எந்தப் படம் மனதில் நின்றது என்பதை மட்டும் ஒரு வரி எழுதி உள்ளே செருகுங்கள். திரும்பி வரும்போது அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள்.

படி 9: இரண்டாவது வாசிப்பு, அப்புறம் எங்கே போவது

முதல் வாசிப்பு முடிந்து ஒரு வாரத்துக்குள் இரண்டாவதைத் தொடங்கிவிடுங்கள், படங்கள் மனதில் ஈரமாக இருக்கும்போதே. இந்த முறை எழுத்தை முழுதாகப் படியுங்கள், அடிக்குறிப்பு உட்பட. முடிந்தால் இதே புத்தகத்தைப் படித்த இன்னொருவரோடு பேசுங்கள். ஒரே பக்கத்தில் அவர் பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் வேறாக இருக்கும், அது சண்டை போடத் தகுந்த விஷயம்தான்.

அதற்கப்புறம் 'காற்றுப்புகாத காராஜ்' படிக்கலாம். த்ருயேயின் 'லோன் ஸ்லோன்' பக்கங்களில் ஒரு நாள் முழுக்கத் தொலையலாம். கட்டங்களே உடைந்து கோயில் கோபுரம்போல அடுக்கப்பட்டிருக்கும்.

எல்லாம் பழகிவிட்டது என்று தோன்றும்போது மார்க்-அந்துவான் மாத்தியூ 1990இல் வெளியிட்ட 'மூலம்' என்ற புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள். நாயகனுக்கு ஒரு காமிக்ஸின் பக்கங்கள் வந்து சேர்கின்றன, அவை அவனுடைய கதையின் பக்கங்களே. அந்தப் புத்தகத்தில் ஒரு தாளில் ஒரு கட்டத்தை நிஜமாகவே வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஓட்டை வழியாக அடுத்த பக்கத்தின் கட்டம் தெரியும், அதை இந்தப் பக்கத்தின் பகுதியாகவே படித்துவிடுவோம். தாளைத் திருப்பினால், ஏற்கெனவே படித்து முடித்த கட்டம் அதே ஓட்டை வழியாகத் திரும்ப வந்து நிற்கும், இந்த முறை வேறு அர்த்தத்தோடு. அந்தத் தாளுக்கு வந்ததும் விரலை ஓட்டைக்குள் விட்டு, இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் திருப்பிப் பாருங்கள்.